மியூஸ்கோரில் 6/8-ஐ 3/4 ஆக்குவது எப்படி? டைம் சிக்னேச்சரை மாற்றியும் பார்கள் அப்படியே நிற்கின்றன

மாலைமணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கரோல் பயிற்சி தொடங்கிவிட்டது, அதனால் கொஞ்சம் அவசரம்.

எங்கள் கொயரில் எல்லோர் கையிலும் இருக்கும் பாட்டுப் புத்தகத்தில் 'சைலன்ட் நைட்' 3/4 டைம் சிக்னேச்சரில் (ஒரு பாரின் அளவைச் சொல்லும் குறி) அச்சாகியிருக்கிறது. பியானோ துணையிசையோடு எனக்குக் கிடைத்த மியூஸ்கோர் (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) ஃபைல் 6/8-இல் இருக்கிறது. ராகம் ஒன்றுதான், ஆனால் பார் எண் ஒத்துப்போவதில்லை. "ஏழாவது பாரிலிருந்து" என்று நான் சொன்னால் பியானோ வாசிப்பவர் 'ஹோலி இன்ஃபன்ட்' என்ற இடத்துக்குப் போகிறார். கொயர் 'ஆல் இஸ் பிரைட்' என்ற இடத்தில் தொடங்குகிறது. பயிற்சி நேரத்தில் பாதி இதிலேயே போய்விடுகிறது.

சரி, ஃபைலையே 3/4 ஆக்கிவிடலாம் என்று பேலட்டிலிருந்து (குறிகள் இருக்கும் பக்கப் பெட்டி) 3/4-ஐ எடுத்து முதல் பாரில் போட்டேன். மேலே எண் மாறியது, பீம்கள் (நோட்டுகளை இணைக்கும் தடித்த கோடுகள்) சேர்ந்திருந்த விதமும் மாறியது. ஆனால் பார்கள் அதே 12. நோட்டுகளும் அப்படியே. புத்தகத்தில் 24 பார்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாரையும் கையால் இரண்டாகப் பிரித்து, நோட்டுகளை மறுபடி அடிக்கத்தான் வேண்டுமா? சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ், பியானோ, மூன்று சரண வரிகள் எல்லாம் இருக்கின்றன. பதிப்பு மியூஸ்கோர் 4.


தந்திவட்டம் எழுதியது:

கையால் அடிக்கத் தேவையில்லை. ஆனால் பேலட்டில் இருக்கும் 3/4 இந்த வேலையைச் செய்யாது. காரணம் தெரிந்தால் அடுத்த முறையும் உதவும்.

மியூஸ்கோரில் டைம் சிக்னேச்சரைப் போட்டால், அந்த இடத்திலிருந்து அடுத்த டைம் சிக்னேச்சர் வரை இருக்கும் இசையை எடுத்துப் புது அளவுக்குப் பார்லைன் போடும். நோட்டின் மதிப்பைத் தொடாது. 4/4-இல் இருப்பதை 3/4 ஆக்கினால் பார்லைன்கள் நகரும். முழு பார் நீள செமிபிரீவ் (நான்கு பீட்) ஒன்று டாட்டட் மினிமும் (மூன்று பீட்) கிராட்செட்டுமாகப் (ஒரு பீட்) பிரிந்து, டை என்ற இணைப்பு வளைவை வாங்கிக்கொள்ளும். உங்கள் ஃபைலில் அப்படி நகர எதுவும் இல்லை. 6/8 பாரில் ஆறு குவேவர் (அரைக் கிராட்செட்), 3/4 பாரிலும் ஆறு குவேவர். நீளம் ஒன்றேதான், அதனால் பார்லைன் நகரவில்லை. மாறியது பீம் சேரும் விதம் மட்டும்.

முதல் பாரையே பாருங்கள். 6/8-இல் ஸோ டாட்டட் குவேவர், லா செமிகுவேவர் (அரைக் குவேவர்), ஸோ குவேவர், மி டாட்டட் கிராட்செட். இதன் தலையில் 3/4 என்று எழுதினால் 'நைட்' என்ற மி எங்கே விழுகிறது? இரண்டாம் பீட்டின் நடுவில். 'ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட்' என்று எண்ணினால் 'டூ'-வுக்கு அடுத்த 'அண்ட்'-இல். அதை எண்ணிப் பாடினால் பாட்டே வேறாகிவிடும்.

உங்கள் புத்தகத்தில் முதல் பார் டாட்டட் கிராட்செட், குவேவர், கிராட்செட் என்று இருக்கும். இரண்டாம் பார் முழுக்க மி, டாட்டட் மினிம். அதாவது ஒவ்வொரு நோட்டும் இரட்டிப்பாகி, ஒரு 6/8 பார் இரண்டு 3/4 பார்களாகியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இந்த இரட்டிப்பு. டைம் சிக்னேச்சர் அதற்குப் பிறகுதான்.

சொல்வதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும்: ஃபைலில் ரிப்பீட் குறிகள், முதல் முடிவு, இரண்டாம் முடிவு ஏதாவது இருக்கிறதா?


நெல்லை_டெனர் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எதற்காக 3/4 ஆக்கவேண்டும் என்றே எனக்குக் கேள்வி. ஃப்ரான்ஸ் க்ரூபர் இந்தப் பாட்டை 1818-இல் ஓபர்ன்டார்ஃபில் எழுதியது 6/8-இல்தான். கிட்டாரோடு பாடுவதற்கான பாட்டு. ஒரு பாருக்கு இரண்டே அசைவு, தாலாட்டும் நடை. 3/4 புத்தகத்தைப் பார்த்துப் பாடும் கொயர் பெரும்பாலும் ஒவ்வொரு கிராட்செட்டையும் தனித்தனியாக அழுத்திப் பாடுகிறது. 'ஸ்லீப் இன் ஹெவன்லி பீஸ்' என்ற இடத்தில் மூச்சு பாதியில் நிற்பதை எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். பேஸ் பாடுபவர்கள்தான் அதிகம் அழுத்துவார்கள்.

என்னைக் கேட்டால் பியானோ ஃபைலை விட்டுவிட்டு, கொயருக்கு 6/8 பிரதியை அச்சிட்டுக் கொடுங்கள் என்பேன்.


மாலைமணி எழுதியது:

நீங்கள் சொல்வது இசையளவில் சரிதான் அண்ணா. ஆனால் எங்கள் கொயரில் வயதானவர்கள் பலர் டானிக் சோல்ஃபா (ஸ்வர எழுத்துகளால் எழுதும் முறை) பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தப் புத்தகத்தில் மூச்சு எடுக்கும் இடம், மெதுவாகப் பாடும் இடம் எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் அதைப் பிடுங்கிப் புதுத் தாள் கொடுத்தால் பாட்டு கெடும். பியானோ வாசிப்பவர் ஒருவர்தான், அவருக்குப் புதுப் பிரதி கொடுப்பது சுலபம்.

தந்திவட்டம் சார், ரிப்பீட் குறி ஒன்று இருக்கிறது. 'ஸ்லீப் இன் ஹெவன்லி பீஸ்' முடிந்ததும் முதலுக்குத் திரும்ப. முதல் முடிவு, இரண்டாம் முடிவு எதுவும் இல்லை.


தந்திவட்டம் எழுதியது:

நல்லது. அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். பழைய ஃபைலைத் தொடாதீர்கள், புதிதாக ஒரு ஸ்கோர் திறங்கள். அதே குரல்கள், அதே பியானோ, மேலிருந்து கீழே அதே வரிசை. இந்த வரிசை முக்கியம். ஒட்டும்போது மியூஸ்கோர் மேலிருந்து ஒவ்வொரு ஸ்டாஃபாக (ஐந்து கோட்டு வரி) இறக்கும், வரிசை மாறினால் டெனர் வரி பியானோவில் போய் உட்கார்ந்துவிடும். கீ சிக்னேச்சர் பழையதில் இருப்பதையே கொடுங்கள். டைம் சிக்னேச்சர் 3/4, பார்கள் 24.

பழைய ஃபைலில் மேல் ஸ்டாஃபின் முதல் பாரைக் கிளிக் செய்து, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அடி ஸ்டாஃபின் கடைசிப் பாரைக் கிளிக் செய்யுங்கள். மொத்தமும் நீலக் கட்டத்துக்குள் வரும். காப்பி. புது ஃபைலில் மேல் ஸ்டாஃபின் முதல் பாரைத் தேர்ந்தெடுங்கள். இப்போது வழக்கமான பேஸ்ட் வேண்டாம். எடிட் மெனுவில் 'பேஸ்ட் டபுள் டியூரேஷன்' என்று இருக்கும், அதைக் கொடுங்கள். கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டபிள்யூ. பக்கத்திலேயே 'பேஸ்ட் ஹாஃப் டியூரேஷன்' இருக்கும், அது இதற்கு நேர்மாறு. புத்தகம் 6/8, ஃபைல் 3/4 என்று இருந்திருந்தால் அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

குவேவர் எல்லாம் கிராட்செட்டாக, டாட்டட் கிராட்செட் எல்லாம் டாட்டட் மினிமாக வந்து உட்காரும். பாட்டு வரிகளும் நோட்டோடு சேர்ந்தே வரும். பியானோ இடது கையில் ஒரு முழு 6/8 பார் நீளத்துக்கு டாட்டட் மினிம் இருந்தால், அது டை போட்ட இரண்டு டாட்டட் மினிம்களாகியிருக்கும். அது சரிதான், பயப்படவேண்டாம்.

வராதவற்றை நீங்கள் போடவேண்டும். ரிப்பீட் பார்லைன் காப்பியில் வராது, கடைசிப் பாரில் நீங்களே வைக்கவேண்டும். கிரெசென்டோ கோடுகள், பெடல் கோடுகள் சரியான நோட்டில் முடிகின்றனவா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வரி உடைப்பதையும் புதிதாகச் செய்துவிடுங்கள். பியானோ வாசிப்பவருக்கு ஒரு வரிக்கு நான்கு பார் என்று வைத்தால் புத்தகத்தில் இருக்கும் சொற்றொடரோடு கண் ஒத்துப்போகும்.

நெல்லை டெனர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அதற்கு வழி டெம்போ குறியில் இருக்கிறது. ஒட்டி முடித்ததும் எழுதுங்கள், சொல்கிறேன்.


ஐந்துகோடு எழுதியது:

வேறு மென்பொருளில் இதே வேலையைத் தேடி வருபவர்களுக்காக.

சிபேலியஸில் டைம் சிக்னேச்சர் கொடுக்கும் பெட்டியிலேயே, அடுத்த டைம் சிக்னேச்சர் வரை பார்களைத் திருத்தி எழுதவா என்று ஒரு தேர்வு இருக்கும். நோட்டு மதிப்பை இரட்டிப்பாக்கவும் பாதியாக்கவும் தனி பிளக்-இன்கள் உண்டு. ஃபினாலேயில் நோட்டு மதிப்பை 200 சதவீதம் என்று மாற்றும்போது கூடவே பார்லைனைத் திருப்பிப் போடச் சொல்லலாம். ஃபினாலேயின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். பழைய ஃபைல் வைத்திருப்பவர்கள் மியூசிக் எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் வேலை செய்வது டோரிகோவில். அதில் நோட்டுகள் பாருக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. இசை ஒரே ஓட்டமாக இருக்கும், அதன்மேல் பார்லைன் விழும். ஷிஃப்ட் எம் அழுத்தி 3/4 என்று தட்டினால் 3/4, திரும்ப 4/4 என்று தட்டினால் 4/4. பார்லைனைத் தாண்டி நீளும் நோட்டு டையோடு தெரிந்தாலும் உள்ளே ஒரே நோட்டுதான். பார்லைன் நகர்ந்தால் டை தானாகப் போய்விடும். மீட்டரை அடிக்கடி மாற்றிப் பார்த்து எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் மாலைமணியின் பிரச்சினை டோரிகோவிலும் இப்படித்தான் இருந்திருக்கும். 6/8-க்குப் பதில் 3/4 என்று தட்டினால் எந்த மென்பொருளும் நோட்டை இரட்டிப்பாக்காது. காதுக்கு அதே வேகத்தில் கேட்கும் ஒரு பாட்டைக் குவேவரில் எழுதுவதா கிராட்செட்டில் எழுதுவதா என்பது எழுதுபவர் எடுக்கும் முடிவு.


மாலைமணி எழுதியது:

வந்துவிட்டது! 24 பார்கள், பாட்டு வரிகள் மூன்றும் சேர்ந்தே வந்தன. கடைசிப் பாரில் ரிப்பீட் வைத்துவிட்டேன். தந்திவட்டம் சார், ரொம்ப நன்றி.

ஒரே ஒரு பிரச்சினை. பிளே பட்டனை அழுத்தினால் பாட்டு பாதி வேகத்தில் நகர்கிறது. பழைய ஃபைலில் டாட்டட் கிராட்செட் = 50 என்று இருந்தது. அதையேதான் புதிதிலும் போட்டேன்.


தந்திவட்டம் எழுதியது:

நோட்டு இரட்டிப்பானால் டெம்போவில் இருக்கும் நோட்டும் இரட்டிப்பாகவேண்டும். பழையதில் டாட்டட் கிராட்செட் 50 என்றால் குவேவர் நிமிடத்துக்கு 150. இப்போது அந்தக் குவேவர் இருந்த இடத்தில் கிராட்செட் இருக்கிறது. ஆகவே கிராட்செட் = 150 என்று போட்டாலும் சரி, டாட்டட் மினிம் = 50 என்று போட்டாலும் சரி, ஓடும் வேகம் ஒன்றே.

நான் டாட்டட் மினிம் = 50 என்றுதான் எழுதச் சொல்வேன். நெல்லை டெனருக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் அதுதான். கிராட்செட் = 150 என்று பார்க்கும் பியானோக்காரர் 'வேகமான பாட்டு' என்று நினைத்து ஒவ்வொரு பீட்டையும் தட்டுவார். டாட்டட் மினிம் = 50 என்று பார்த்தால் ஒரு பாருக்கு ஒரே அசைவு என்று கை புரிந்துகொள்ளும். கொயரை நடத்துபவரும் ஒரு பாருக்கு ஒரே வீச்சாகக் கையை வீசவேண்டும். அப்போது இரண்டு 3/4 பார்களுக்கு இரண்டு வீச்சு. க்ரூபரின் ஒரு 6/8 பாருக்கும் அதே இரண்டு வீச்சு. தாளில் எது இருந்தாலும் நடை தாலாட்டாகவே இருக்கும்.


நெல்லை_டெனர் எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பாருக்கு மூன்று தட்டு தட்டாமல் ஒரே வீச்சு என்றால் 3/4 புத்தகம் எனக்குப் பிரச்சினையே இல்லை. கூடவே நான்கு பாருக்கு ஒரு மூச்சு என்று பேஸ் வரிசைக்குச் சொல்லிவிடுங்கள் மாலைமணி. 'ரவுண்ட் யான் வர்ஜின்' தொடங்கி 'சைல்ட்' வரை உடையாமல் போகவேண்டும்.


வில்வித்தை எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், என் கேள்வியையும் இங்கேயே கேட்கிறேன். வயலின் மாணவர்களுக்காக ஒரு சிறு பாடம் எழுதுகிறேன். முழுதும் 4/4. நடுவில் ஐந்தாவது பார் மட்டும் 3/4 ஆகவேண்டும். அந்தப் பாரில் 3/4 போட்டால் அதற்குப் பின் எல்லாம் 3/4 ஆகிக் கலைந்துபோகிறது. இன்னொரு பாடத்தில் 3/4 போடவே விடவில்லை. டியூப்லெட் (டிரிப்லெட் போன்ற நோட்டுக் கூட்டம்) பார்லைனைத் தாண்டக்கூடாது என்று ஒரு செய்தி வந்து நின்றுவிட்டது.


தந்திவட்டம் எழுதியது:

முதல் கேள்விக்கு: முன்னால் இருப்பதைப் போடும் முன் பின்னால் இருப்பதைப் பூட்டுங்கள். முதலில் ஆறாவது பாரில் 4/4-ஐப் போடுங்கள். அங்கே ஏற்கெனவே 4/4தானே என்று விட்டுவிடாதீர்கள், எழுத்தில் அங்கே ஒரு குறி இருக்கவேண்டும். மாற்றம் அந்தக் குறி வரைக்கும்தான் ஓடும். பிறகு ஐந்தாவது பாரில் 3/4 போடுங்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாவது பாரில் நான்கு பீட்டுக்கு இசையோ ரெஸ்ட்டோ இருந்திருக்கும். மியூஸ்கோர் எதையும் தூக்கி எறியாது. மூன்று பீட்டை ஒரு 3/4 பாரில் வைத்து, மிச்சம் ஒரு பீட்டுக்கு இன்னொரு 3/4 பார் திறந்து, மீதியை ரெஸ்ட்டால் நிரப்பிவிடும். அந்த நான்காவது பீட் தேவையில்லை என்றால் அந்தக் கூடுதல் பாரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் டெலீட் கொடுங்கள். வெறும் டெலீட் கொடுத்தால் உள்ளே இருப்பது மட்டும் அழியும், பார் நிற்கும்.

பார் பிராப்பர்ட்டீஸில் போய் 'ஆக்சுவல்' நீளத்தை 3/4 என்று குறைத்தாலும் பார் சின்னதாகும். ஆனால் தாளில் 3/4 என்ற குறி வராது, கடைசி பீட்டில் இருந்த நோட்டும் போய்விடும். மாணவர் படிக்கப்போகும் தாளுக்கு அந்த வழி சரியில்லை. பாடுபவரும் வாசிப்பவரும் எண்ணுவதற்குக் குறி கண்ணுக்குத் தெரியவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: 4/4-இன் மூன்றாம், நான்காம் பீட்டில் கிராட்செட் டிரிப்லெட் (இரண்டு பீட்டில் மூன்று நோட்டு) ஒன்று வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 3/4 ஆக்கினால் புதுப் பார்லைன் அந்த டிரிப்லெட்டின் நடுவில் விழுகிறது. அதை மியூஸ்கோர் வெட்டாது, மொத்த மாற்றத்தையே மறுத்துவிடும். அந்த டிரிப்லெட்டை அழித்து ரெஸ்ட் ஆக்குங்கள், மீட்டரை மாற்றுங்கள், பிறகு அது புது மீட்டரில் எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்து எழுதுங்கள். ஆசிரியர் நீங்கள்தான், அந்த முடிவை மென்பொருளிடம் விடாமல் இருப்பதே நல்லது. பார்லைனுக்குக் குறுக்கே டிரிப்லெட் வாசிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் திணறுவார்கள்.


சின்னமணி எழுதியது:

பிக்கப் பார் (தொடக்கத்தில் வரும் குறைப் பார்) இருக்கும் பாட்டுக்கு என்ன செய்வது? முதல் பாரில் ஒரே ஒரு கிராட்செட். 4/4-இல் இருந்ததை 3/4 ஆக்கினேன். பிக்கப் முழுப் பாராகிவிட்டது, எல்லா அழுத்தமும் தள்ளிப் போய்விட்டது.


ஐந்துகோடு எழுதியது:

முதல் பாரிலேயே 3/4-ஐப் போட்டதால் பிக்கப்பிலிருந்தே எண்ணத் தொடங்கியிருக்கிறது. கண்ட்ரோல் இசட் கொடுத்துப் பழையபடி வாருங்கள். இந்த முறை இரண்டாவது பாரில், அதாவது முதல் முழுப் பாரில் 3/4-ஐப் போடுங்கள். அங்கிருந்து சரியாக அடுக்கும். பிறகு பிக்கப் பாரில் 3/4 போடுங்கள். இரண்டாவது பாரில் ஏற்கெனவே குறி இருப்பதால் மாற்றம் அந்த ஒரு பாரோடு நிற்கும். பிக்கப் பார் நீண்டுவிட்டால் பார் பிராப்பர்ட்டீஸில் ஆக்சுவல் நீளத்தை 1/4 ஆக்குங்கள். நீளத்தைக் குறைப்பதற்கு முன் நோட்டு பாரின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பாரில் தேவையில்லாமல் தெரியும் 3/4-ஐத் தேர்ந்தெடுத்து வி அழுத்தினால் மறைந்துவிடும்.

டோரிகோவில் 3/4, கமா, 1 என்று தட்டினாலே ஒரு பீட் பிக்கப்போடு வந்துவிடும்.

ஒன்று சொல்லவேண்டும். பாட்டு 4/4-இலிருந்து 3/4-க்குப் போகிறது என்றால் பார்லைனை நகர்த்துவது மட்டும் போதுமா என்று பாடிப் பாருங்கள். உண்மையிலேயே மூன்றாக நடக்கும் பாட்டைத் தவறாக நான்கில் எழுதி வைத்திருந்தால் போதும். நான்காக நடக்கும் பாட்டை மூன்றாக்க விரும்பினால் சில நோட்டுகளின் நீளத்தை நீங்களே மாற்றவேண்டும். அது மறுஆக்கம், பார்லைன் வேலை இல்லை.


சாபுதாளம் எழுதியது:

என் கேள்வி கர்நாடக இசைப் பக்கம். நான் மிருதங்கம் கற்கிறேன். கூட வாசிக்கும் கிட்டார் நண்பருக்கு நம் தாளம் தெரியாது, ஸ்டாஃப் நொட்டேஷன்தான் தெரியும். அவருக்காக மிச்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) உருப்படி ஒன்றை எழுத ஆரம்பித்தேன். புது ஸ்கோர் திறந்ததும் 4/4 என்று வந்தது. அப்படியே குவேவர் குவேவராக அடித்துக்கொண்டே போய்விட்டேன். பார்லைன் எங்கெங்கோ விழுகிறது. 7/8 ஆக்கினால் சரியாகுமா? 3/8 ஒரு பார், 4/8 ஒரு பார் என்று மாற்றி மாற்றி எழுதவேண்டும் என்று ஒருவர் சொன்னார்.


தந்திவட்டம் எழுதியது:

உங்களுக்கு டைம் சிக்னேச்சர் மட்டுமே போதும். நோட்டின் நீளமெல்லாம் சரியாக அடித்திருக்கிறீர்கள், பார்லைன் மட்டும் தவறான இடத்தில் இருக்கிறது. முதல் பாரில் 7/8 போட்டால் ஏழு ஏழு குவேவராக அடுக்கிவிடும். கடைசிப் பாரில் இசை போதாவிட்டால் ரெஸ்ட் நிரப்பும். 4/4 பார்லைனால் முன்பு டை போட்டுப் பிரிந்த நோட்டு எங்காவது அப்படியே நின்றால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து டூல்ஸ் மெனுவில் 'ரீக்ரூப் ரிதம்ஸ்' கொடுங்கள்.

அப்புறம் பீம். வெறும் 7/8 என்று எழுதினால் உங்கள் நண்பர் அதை நான்கும் மூன்றுமாகப் படித்துவிட வாய்ப்பு உண்டு. மிச்ர சாபு மூன்றும் நான்கும். தட்டுகள் விழுவது மூன்று, இரண்டு, இரண்டு என்று. ஆகவே பேலட்டில் இருக்கும் 7/8-ஐ எடுக்காமல் டைம் சிக்னேச்சர் பேலட்டின் 'மோர்' வழியாகப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். மதிப்பு 7/8. மேலே தெரியவேண்டிய எழுத்து 3+2+2. அதே பெட்டியில் குவேவர்கள் எங்கே பிரியவேண்டும் என்று காட்டும் வரிசை இருக்கும், அதிலும் 3, 2, 2 என்று பிரித்துவிடுங்கள். இதை உருவாக்கிய பிறகு ஸ்கோரில் போட்டால் எல்லாப் பாரிலும் பீம் தானாக அப்படிச் சேரும். பீமைப் பார்த்தே நண்பர் தட்டு எங்கே என்று தெரிந்துகொள்வார்.

கண்ட சாபுக்கும் இதே வழிதான். 5/8, 2+3.

3/8, 4/8 என்று மாற்றி மாற்றி எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரு பாராக இருக்கவேண்டும். இரண்டு பாராக வெட்டினால் ஒவ்வொரு பாரின் தொடக்கத்துக்கும் மேற்கத்திய வாசிப்பாளர் ஒரே அளவு அழுத்தம் கொடுப்பார். சமம் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டு) எது, நடுவில் விழும் தட்டு எது என்ற வேறுபாடு போய்விடும். போதாதற்குத் தாள் முழுக்க எண்களாக நிற்கும்.


ஐந்துகோடு எழுதியது:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. மெதுவான காலத்தில் இருக்கும் உருப்படி என்றால் 7/8 கண்ணை உறுத்தும். ஒரு அட்சரத்துக்குள் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) நான்கு ஸ்வரம் வந்தால் எல்லாம் முப்பத்திரண்டாம் நோட்டாகிவிடும். அப்போது 7/4 வைத்து, முதல் மூன்று கிராட்செட்டுக்குப் பின் பாருக்குள்ளேயே, விட்டுவிட்டு ஓடும் (டேஷ்டு) பார்லைன் ஒன்று போடலாம். அந்தப் பார்லைனுக்கு அடுத்து வரவேண்டிய நோட்டைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பேலட்டில் அந்தப் பார்லைனைக் கிளிக் செய்தால் பாரின் நடுவில் வரும். நோட்டு மதிப்பை மாற்ற, மேலே மாலைமணிக்குச் சொன்ன அதே பேஸ்ட் டபுள் டியூரேஷன்தான்.

ஆதி தாளத்துக்கும் இந்தப் பார்லைன் உதவும். அதன் அங்கங்கள் லகு நான்கு, துருதம் இரண்டு, துருதம் இரண்டு. 4/4-இல் இரண்டு பார் ஒரு ஆவர்த்தனம், இரண்டாவது பாரின் நடுவில் விட்டுவிட்டு ஓடும் பார்லைன். அப்படி எழுதினால் வாசிப்பவருக்கு எட்டும் தெரியும், உடைப்பும் தெரியும்.


தந்திவட்டம் எழுதியது:

மெதுவான காலத்துக்கு 7/4 என்பதை ஏற்கிறேன். சாபு பொதுவாக விறுவிறுப்பாக நடப்பதால் 7/8 என்று சொன்னேன். ஸ்வரம் எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கட்டும். இரண்டிலும் ஆவர்த்தனம் ஒரே பார் என்பது மாறவில்லையே, அது போதும்.


சாபுதாளம் எழுதியது:

3+2+2 வந்துவிட்டது, பீமும் சரியாகப் பிரிந்தது. நண்பர் பார்த்ததுமே கையில் தட்டிக் காட்டினார். மிக்க நன்றி.

கடைசியாக ஒன்று. உருப்படியின் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் இல்லை, தள்ளித் தொடங்குகிறது. மேலே சொன்ன பிக்கப் பார் போல எழுதலாமா?


தந்திவட்டம் எழுதியது:

வேண்டாம். பிக்கப் பார் என்பது தாளம் தொடங்குவதற்கு முன்பே பாட்டு தொடங்குவதற்கு. உங்கள் உருப்படியில் தாளம் முதலில் தொடங்குகிறது, பாட்டு அதற்குப் பின் சேருகிறது. முழு 7/8 பாராகவே எழுதி, எடுப்பு வரை ரெஸ்ட் வையுங்கள். நண்பர் அந்த ரெஸ்ட்டை எண்ணும்போது சமம் எங்கே என்பது அவர் கைக்குத் தெரியும்.

பல்லவி திரும்ப வரும் இடத்தில் மட்டும் கவனம். முதல் முறை ரெஸ்ட் இருந்த இடத்தில் இரண்டாம் முறை முந்தைய வரியின் வால் வந்து நிற்கும். ரிப்பீட் பார்லைனை முதல் பாரிலேயே வைத்தால் அந்த வால் விழுங்கப்பட்டு நண்பர் ரெஸ்ட்டை வாசிப்பார், அதாவது சும்மா இருப்பார். முதல் ஆவர்த்தனத்தை ஒருமுறை தனியாக எழுதிவிட்டு, இரண்டாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் ரிப்பீட்டைத் திறங்கள். மூடும் ரிப்பீட்டுக்கு முந்தைய பாரில் வாலும் அடுத்த எடுப்பும் சேர்ந்தே ஏழு குவேவர் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.